சீட்டுக் குலுக்கலும் தேயிலை மலையும்

சம்பள நாளுக்கு அடுத்த மாலை. மலையகத் தோட்டமொன்றின் லயன் வாசலிலே பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடியிருக்கின்றனர். நடுவில் ஒரு செம்பு; அதனுள் சுருட்டிய கடதாசித் துண்டுகள்; ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். மாதந்தோறும் எல்லோரும் சமமாகப் போடும் பணத்தை, மாதத்துக்கு ஒருவராக மொத்தமாய் எடுத்துக்கொள்ளும் சீட்டு அது. இம்முறை எடுக்க வேண்டியவர் யார் என்பது இன்னும் தெரியவில்லை. ஒருத்தி மகளின் கலியாணச் செலவை எண்ணிக்கொண்டிருக்கிறாள். இன்னொருத்தியின் வீட்டுக் கூரைத் தகரம் மழைக்கு முன்னர் மாற்றப்படல் வேண்டும். சீட்டுப் பிடிப்பவள் அனைவருக்கும் வேண்டியவள்; அவள் நேர்மையில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும், “நீயே ஒரு பெயரைச் சொல்லிவிடு அக்கா” என்று யாரும் அவளிடம் கேட்பதில்லை. எழுத்தறியாத ஒரு சிறு பிள்ளையை அழைத்து, செம்பினுள் கைவிடச் செய்வதே வழக்கம்.

இவ்வழக்கத்துக்குக் காரணம் கேட்டால், பாரபட்சம் வந்துவிடக் கூடாது என்பர். அது உண்மையே. ஆனால் அதற்கும் அடியில் வேறொரு காரணம் உண்டு. எவர்மீதும் விருப்பு வெறுப்பு இல்லாத ஒருவர், முழு மனத்தோடு முயன்றாலும், குலுக்கிப் போட்டது போன்ற ஒரு தெரிவைத் தம் மனத்திலிருந்து எடுத்துத் தருவது மிக அரிது. நமது பாடநூல்கள் ‘எழுமாறு’ என்னும் சொல்லால் குறிக்கும் அந்தத் தன்மை மனித மனத்துக்கு எளிதில் வசப்படுவதில்லை. இவ்வுண்மை அறிவியலின் நடைமுறை விதியாக மாறிய வரலாற்றிலே, நுவரெலியாவுக்கும் அட்டனுக்கும் இடைப்பட்ட மலைகளுக்கு ஓர் இடம் உண்டு என்பதைப் பலர் அறியார்.

சீட்டெடுக்கும் பிள்ளையின் கதை மிகப் பழையது. காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி. பி. 919ஆம் ஆண்டுக்கும் 921ஆம் ஆண்டுக்கும் உரியவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆட்களைத் தெரிவுசெய்த குடவோலை முறையை அவை படிப்படியாக விளக்குகின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோரின் பெயர்கள் ஓலை நறுக்குகளில் எழுதப்பட்டன. குடும்பு தோறும் தனிக் கட்டாகக் கட்டப்பட்டன. கட்டுகள் குடத்தில் இடப்பட்டன. முதியோரும் இளையோரும் கூடிய சபையிலே, நம்பிமாருள் மூத்தவர் ஒருவர் குடத்தை எல்லோரும் காண உயர்த்திப் பிடித்தார். உள்ளிருப்பது இன்னதென அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுத்தான். அந்தக் கட்டிலிருந்த ஓலைகள் வேறொரு குடத்தில் இடப்பட்டுக் குலைக்கப்பட்டன. மீண்டும் அச்சிறுவனே ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தர் கையிற் கொடுத்தான். மத்தியஸ்தர் அதை ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது விதி. அவர் உரக்க வாசித்த பின்னர், அங்கிருந்த நம்பிமார் அனைவரும் அதனை வாசித்தனர்.

ஐந்து விரல்களையும் விரிக்க வேண்டும் என்று கல்லிலே வெட்டிவைத்த ஊரார், கையைப் பற்றி நன்கு அறிந்தவர்கள். மறைந்த ஓலையொன்று விரலிடுக்கில் இருக்கக் கூடாது என்பது முதலாவது பாதுகாப்பு. குடத்தைக் குலைத்தலும், அறியாப் பிள்ளையைக் கொண்டு எடுப்பித்தலும் அதனினும் நுட்பமானவை. அறிந்தவன் கை எதையாவது நாடும். நாடக் கூடாதென்று எண்ணினால் அதையே விலக்கும். விலக்குதலும் ஒரு தெரிவுதான்.

குடம் நேர்மையாக இருந்தது. குடத்துக்குள் எவர் பெயர் போகும் என்பது வேறு கேள்வி. வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடைய, முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டு எழுபதுக்கு உட்பட்ட ஆடவர்க்கே அவ்வாய்ப்பு இருந்தது. மலையக மக்கள் இதனை விளங்கிக்கொள்ள அதிக நேரம் வேண்டியதில்லை. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய அவர்களுட் பெரும்பாலோர், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் வாக்காளர் இடாப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். எஞ்சியிருந்தோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. குலுக்கல் எத்துணைச் செம்மையாயினும், பெயர் எழுதப்படாத ஓலையை எந்தச் சிறுவனாலும் எடுக்க இயலாது.

இனி மனத்தின் பக்கம் வருவோம்.

ஒருவர் கையிலே தாளைக் கொடுத்து, நாணயத்தை நூறு முறை சுண்டுவதாக மனத்தில் எண்ணி, தலையா பூவா என்று வரிசையாக எழுதும்படி சொல்லலாம். மற்றொருவர் உண்மையாகவே நாணயத்தைச் சுண்டி எழுதட்டும். இரண்டு தாள்களையும் பெயரின்றி வாங்கிய ஆசிரியர், எது நாணயம் எழுதியது, எது மனம் எழுதியது என்பதைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடலாம். அங்கேரி நாட்டின் கணிதக் கல்வியாளர் தமாஸ் வர்கா வகுப்பறைகளில் இதைச் செய்துகாட்டியவர். இரகசியம் ஒன்றே. உண்மையான நூறு சுண்டல்களில், ஒரே பக்கம் தொடர்ந்து ஐந்து முறையோ அதற்கு மேலோ விழும் இடம் ஒன்றாவது இருப்பதற்கான நிகழ்தகவு நூற்றுக்கு 97. ஆறு முறையாவது தொடர்வதற்கான நிகழ்தகவு நூற்றுக்கு 80க்குச் சற்று மேல். மனத்தால் எழுதுபவரோ, மூன்று தலைகளை எழுதிய உடனே கை கூசி, “போதும், இனிப் பூ” என்று மாறிவிடுகிறார். அவருக்கு அது நடுநிலையாகத் தோன்றுகிறது. உண்மையில் அவர் எழுதிய தாள் மிகையாக ஒழுங்குபட்டது. அளவுக்கு மேல் மாறி மாறிச் செல்வது.

இதனை முதலில் தெளிவாகச் சொன்னவர்களுள் ஒருவர் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் ஹான்ஸ் றைக்கன்பாக். நிகழ்தகவில் பயிற்சி இல்லாதவர்களால் எழுமாற்று வரிசையை உண்டாக்க முடியாது என்பது 1934இல் அவர் வெளியிட்ட கருத்து. பின்னர் உளவியலாளர் பலர் இதைச் சோதித்தனர். 1972இல் ஒல்லாந்தரான வாகெனார் அச்சோதனைகளையெல்லாம் ஒருங்கே ஆராய்ந்து எழுதினார். சோதனைகளின் விபரங்களில் முரண்பாடு இருந்தது. மனிதர் தேறவில்லை என்பதில் பெரும்பாலும் உடன்பாடு இருந்தது. பிரித்தானியரான பாட்லி 1966இல் கண்டது சுவையானது. எழுத்துகளை ஒழுங்கின்றிச் சொல்லுமாறு கேட்டு, சொல்லும் வேகத்தை அவர் கூட்டிக்கொண்டே போனார். வேகம் கூடக் கூடச் சொல்பவரின் வாய் நெடுங்கணக்கின் தடத்துக்கே திரும்பியது. அவசரப்படும் மனம் பழகிய பாதையில் ஓடுகிறது.

1950களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஹேகல்பாகர், ஷனன் என்னும் இருவரும் தனித்தனியே சிறு பொறிகள் செய்தனர். எதிரே அமர்ந்தவர் இரண்டில் ஒன்றைத் தம் விருப்பப்படி தெரிவு செய்வார். பொறி அதை முன்கூட்டியே ஊகிக்கும். பொறிக்கு எதிராளியின் மனம் தெரியாது. அவர் வென்ற பின் என்ன செய்தார், தோற்ற பின் என்ன செய்தார் என்ற நினைவு மட்டுமே அதற்கு உண்டு. அந்தச் சிறு நினைவைக் கொண்டே பொறி பாதிக்கு மேற்பட்ட முறை வென்றது. தம் விருப்பப்படி நடப்பதாக எண்ணியவர், ஒரு தடத்தில் நடந்துகொண்டிருந்தார்.

இவையெல்லாம் மேசைமேல் நடக்கும் விளையாட்டு என்று நினைக்கலாம். மலையில் அப்படி அன்று.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். கோப்பி, இலைநோயால் அழிந்த பின்னர் தேயிலை மலைகளை மூடியது. 1930களில் அது இலங்கையில் ஐந்து இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் நின்றது. இத்தனை நிலத்துக்கு எந்த உரம், எவ்வளவு, எப்போது என்பது சிறிய வினாவன்று. தவறான உரத்துக்குச் செலவிட்ட பணத்தைத் தோட்டம் எங்கேயோ மிச்சம் பிடிக்கப் பார்க்கும். விலை வீழ்ந்த காலங்களில் அந்த மிச்சம் தொழிலாளியின் பேரிலும் அரிசியிலும் வந்து விழுவதைப் பழைய தலைமுறை கண்டிருக்கிறது. ஆதலால், இந்த உரம் பயன் தந்தது என்று சொல்பவர் எப்படி அறிந்தார் என்று கேட்பது நியாயமே.

அறிவது எளிதன்று. ஒரு மலையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உரமிட்டு, மறு பாதியை வெறுமனே விட்டு, கொழுந்தை நிறுத்துப் பார்த்தால் போதாதோ? போதாது. மேட்டு மண் மழையில் அரித்துப் பள்ளத்தில் சேரும். ஒரு பக்கத்தில் காலை வெயில் முந்தி விழும். மறுபக்கத்தில் பனி நெடுநேரம் நிற்கும். கிரவிலியா மரமோ முள்முருக்கோ நிற்கும் இடத்துக்கும் வெளிக்கும் வேறுபாடு உண்டு. விதையிலிருந்து வளர்ந்த பழைய தேயிலையில் ஒரு செடி போல் மறு செடி இராது. கவ்வாத்து வெட்டிய ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் விளைச்சல் மாறும். நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும் பெண்களின் கைகளுங்கூட ஒன்றுபோல் இரா. இத்தனை வேறுபாடுகளுக்கு இடையே உரத்தின் பயனை மட்டும் பிரித்தெடுப்பது எவ்வாறு?

சிறு சிறு துண்டுகளாக நிலத்தைப் பிரித்து, ஒவ்வோர் உரத்தையும் பல துண்டுகளுக்கு இட வேண்டும் என்பது பழைய விடை. எந்தத் துண்டுக்கு எந்த உரம் என்று யார் தீர்மானிப்பது என்பதிலே சிக்கல் தொடங்கியது.

இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் விவசாய ஆய்வு நிலையம் 1843இல் தொடங்கப்பட்டது. அதில் 1919இல் வந்து சேர்ந்த றொனால்ட் பிஷர் என்னும் இளம் கணித அறிஞர், அங்கே பல்லாண்டுகளாகக் குவிந்து கிடந்த விளைச்சற் கணக்குகளை ஆராய்ந்தார். 1925இலும் 1926இலும் அவர் எழுதியவற்றில் ஒரு புதிய விதி உருவாயிற்று. துண்டுகளுக்கு உரத்தைப் பங்கிடுவதை அறிஞரின் மதிநுட்பத்துக்கு விடலாகாது. குலுக்கலுக்கே விட வேண்டும். சீட்டுக் கட்டு, தாயக்கட்டை, எழுமாற்று எண் அட்டவணை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தீர்மானிக்கட்டும். வாழ்நாளெல்லாம் மண்ணைப் படித்த ஒருவருக்கு இது அவமதிப்பாகவே தோன்றியிருக்கும்.

அந்தப் பிஷரோடு தோளோடு தோள் நின்று வயலில் சோதனை நடத்தியவர் ரி. ஈடன். தானியப் பயிர்களுக்கு மேலுரமிடுதல் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1927இலும், உருளைக்கிழங்கு பற்றியது 1929இலும் வெளிவந்தன. எழுமாற்று முறையை உண்மையான வயலில் கையாண்ட முதற் சோதனைகளுள் அவை அடங்கும். 1920களின் இறுதியில் ஈடன் இலங்கைக்கு வந்தார்.

இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925இல் சட்டத்தால் அமைக்கப்பட்டது. தொடக்கத்தில் நுவரெலியாவில் தற்காலிகமாக இயங்கி, பின்னர் தலவாக்கலைக்கு அண்மையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,380 மீற்றர் உயரத்திலுள்ள சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்றது. அதன் விவசாய இரசாயனராக ஈடன் பணிபுரிந்தார். றொதம்ஸ்ரெட்டின் சமநிலத்தில் பிறந்த முறையைச் சரிவும் கல்லும் பள்ளமும் நிறைந்த தேயிலை மலைக்குப் பொருத்தும் வேலை அவரிடம் வந்து சேர்ந்தது. தேயிலைச் சோதனைகளில் நேரும் பிழையின் அளவைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1931இல் வெளிவந்தது. எந்த உரம் சிறந்தது என்று கேட்பதற்கு முன்னர், உரமே வேறுபடாத துண்டுகளின் விளைச்சல் தாமாகவே எவ்வளவு வேறுபடும் என்று கேட்ட கட்டுரை அது. இந்த வினாவைக் கேளாமல் உரம் விற்றோரும் வாங்கியோரும் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். மனிதன் தலை பூ எழுதுவதில் தவறுவான், சரி. ஆனால் கண்ணெதிரே இருக்கும் பொருள்களிலிருந்து “கண்ட கண்ட” ஒன்றை எடுக்கவுமா தெரியாது? றொதம்ஸ்ரெட்டில் பிஷருக்குப் பின் பொறுப்பேற்ற பிராங்க் யேட்ஸ் இதைச் சோதித்தார். மேசைமீது ஏறத்தாழ 1,200 கற்கள் பரப்பப்பட்டன. பன்னிருவர் வந்து, ஒவ்வொருவரும் இருபது கற்கள் கொண்ட மூன்று மாதிரிகளை, முழுக் குவியலையும் பிரதிபலிக்குமாறு எடுத்தனர். அவ்வாறு எடுத்த 36 மாதிரிகளுட் பெரும்பாலானவை உண்மைச் சராசரியை விடக் கனமாக இருந்தன. பெரிய கல் கண்ணை இழுக்கிறது. கோதுமைத் தண்டுகளைக் கண்ணால் தெரிந்தெடுத்தபோதும் இத்தகைய சாய்வு தென்பட்டது. கதிர் வருமுன் உயர்ந்த தண்டுகளையே கை நாடியது. கதிர் வந்த பின்னரோ, மிக உயர்ந்ததையும் மிகக் குட்டையையும் விட்டு நடுத்தரமானவற்றுக்குச் சென்றது. ஒரே வயல், சாய்வின் திசை மட்டும் மாறிவிட்டது. சாய்வு எப்பக்கம் என்று முன்னரே தெரிந்தால் கழித்துவிடலாம். தெரியாத சாய்வை என்ன செய்வது?

தேயிலைத் தொழிற்சாலைக்கு வரும் பச்சைக் கொழுந்தின் தரத்தைக் கணிக்கும் இடத்தில் இதைக் கண்ணாரக் காணலாம். குவியலிலிருந்து ஒரு பிடி எடுத்து, இரண்டிலையும் மொட்டுமாக உள்ளவை எத்தனை, முற்றியவை எத்தனை என்று பிரித்து எண்ணுவர். அந்த ஒரு பிடியை எங்கிருந்து எடுப்பது? மேலே இருப்பதை எடுத்தால் கூடையின் அடி தெரியாது. குறை காண விரும்பும் கை முற்றிய இலையைக் காணும். காப்பாற்ற விரும்பும் கை தளிரைக் காணும். எதையும் விரும்பாத கையுங்கூட வெறுமையான கையன்று.

பிஷருக்கும் தேயிலைக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. றொதம்ஸ்ரெட்டில் ஒரு பெண்மணி, கோப்பையில் முதலில் ஊற்றப்பட்டது பாலா தேநீரா என்பதைச் சுவைத்தே சொல்வேன் என்றார். பிஷர் 1935இல் வெளியிட்ட சோதனை வடிவமைப்புப் பற்றிய நூல் இந்நிகழ்ச்சியை ஒட்டிய உதாரணத்தோடு தொடங்குகிறது. எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். அவற்றை 70 ஒழுங்குகளில் வைக்கலாம். ஊகத்தால் மட்டுமே எல்லாவற்றையும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 70இல் ஒன்று. ஆனால் இந்த 70இல் ஒன்று என்னும் கணக்கு, ஒழுங்கைக் குலுக்கல் தீர்மானித்தால் மட்டுமே செல்லும். பரிமாறுபவர் தம் மனம்போல் வைத்தால் என்னவாகும் என்று நேயர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். அந்த 70 ஒழுங்குகளுள் 36இல், ஒரே வகைக் கோப்பைகள் மூன்றோ அதற்கு மேலோ அடுத்தடுத்து வருகின்றன. மனம்போல் வைப்பவர் அந்தப் பாதிக்கு மேற்பட்ட ஒழுங்குகளைப் பெரும்பாலும் தவிர்ப்பார். அவர் குணத்தை அறிந்த ஒருவர் நாவின் உதவியின்றியே பாதி வெற்றி பெற்றுவிடுவார்.

எதிர்ப்பு இல்லாமல் இம்முறை நிலைபெறவில்லை. எதிர்த்தவர் சாதாரணமானவரும் அல்லர். டப்ளின் நகரின் கின்னஸ் மதுவடிசாலையில் பணியாற்றி, ‘மாணவன்’ என்ற புனைபெயரில் புள்ளிவிபரவியலுக்கு அடித்தளமிட்ட வில்லியம் கொசெற் அவர். குலுக்கலில் ஒரே உரம் ஒரே மூலையில் குவிந்துவிட்டால், அச்சோதனையால் என்ன பயன்? அறிவுள்ளவன் உரங்களைச் சமநிலைப்படுத்தி ஒழுங்காக வைப்பதே மேல் என்றார் அவர். 1937இல் அவர் இறக்கும்வரை இந்த விவாதம் ஓயவில்லை. அவர் கூற்றில் நியாயம் இருந்தது. சமநிலைப்படுத்திய ஒழுங்கு சிலவேளை உண்மைக்கு அண்மையாகவே கொண்டுபோகும். ஆனால் எவ்வளவு அண்மை என்று அந்த ஒழுங்கால் தானே சொல்ல இயலாது. மண்ணின் சரிவுக்கும் அறிஞரின் மனத்து ஒழுங்குக்கும் இடையே அறியாத உறவு ஒன்று இருந்தால், அதைக் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. குலுக்கல் தவறலாம், எத்தனை முறை தவறும் என்பதைக் குலுக்கலே சொல்லும். இந்த வழக்கில் பிஷர் பக்கமே வலுவானது.

குலுக்கல் சொல்வதை நம்பலாமா என்று இலங்கையிலிருந்த ஈடனே, யேட்ஸ் உடன் சேர்ந்து பரீட்சித்தார். 1933இல் வெளிவந்த அக்கட்டுரை சிறியது. ஆயினும் புள்ளிவிபரவியல் வரலாற்றில் இன்றும் நினைக்கப்படுவது. பிஷரின் சோதனைக் கணக்கு, அளவுகள் மணிவடிவப் பரம்பலில் அமையும் என்ற கொள்கையை அடிப்படையாகக் கொண்டது. வயலிலிருந்து வரும் அளவுகள் அப்படி அமையாவிட்டால்? அவ்வாறு அமையாத கோதுமைத் தண்டுகளின் உயரங்களை இருவரும் எடுத்துக்கொண்டனர். உண்மையில் எந்த உரமும் வேறுபடாத நிலையில், பெயரளவிலான உரங்களை அவற்றின்மீது எழுமாறாகப் பங்கிட்டனர். ஒருமுறை அன்று, ஆயிரம் முறை. ஒவ்வொரு முறையும் கணக்கைப் போட்டனர். கணினி இல்லாத காலம். கையாற் சுழற்றும் கணிப்பொறிகளே துணை. ஆயிரம் முடிவுகளையும் வரிசைப்படுத்தியபோது, கொள்கை எதிர்பார்த்த பரம்பலோடு அவை நன்கு பொருந்தின. குலுக்கல் ஒழுங்காக நடந்தால், பொய்யான உரம் பயன்தருவது போலத் தோன்றும் வாய்ப்பை முன்கூட்டியே அறிந்து வைத்திருக்கலாம் என்பது உறுதியாயிற்று. தேயிலை விலை வீழ்ந்து, ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை உருவான ஆண்டும் அதுவே.

அண்டை நாடான இந்தியாவில் இதே பாடம் நெல்வயலிற் கற்கப்பட்டது. பீகார், ஒரிசா மாகாணத்தில் 1923 முதல் 1925 வரை நெல் விளைச்சலை மதிப்பிட்ட ஜோன் ஹபக், அறுத்து நிறுக்கும் இடத்தை எழுமாறாகத் தெரிந்தெடுக்கச் செய்தார். கல்கத்தாவில் மகலனோபிஸ் நடத்திய சணற்பயிர் அளவைகளில், ஒரே நிலப்பரப்புக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனி மாதிரிகளோடு அனுப்பி, இரு கணக்குகளையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். வயலுக்குப் போகாமல் மர நிழலில் அமர்ந்து எழுதிய எண்கள் அங்கே வெளிப்பட்டுவிடும். மனத்தால் எண்களைப் படைப்பது எத்துணைக் கடினம் என்பதை, வேலைக்குக் கள்ளம் செய்வோரே முதலில் உணர வேண்டியவராயினர்.

குலுக்கலுக்குச் செம்பும் சீட்டும் எப்போதும் வசதிப்படா. ஆகவே எண் அட்டவணைகள் வந்தன. 1927இல் ரிப்பெற் என்பவர் 41,600 இலக்கங்களைக் குடிசன மதிப்பீட்டு அறிக்கைகளிலிருந்து திரட்டி வெளியிட்டார். 1938இல் பிஷரும் யேட்ஸும் தம் அட்டவணை நூலுக்கு மடக்கை வாய்பாட்டின் பதினைந்தாம் தசமதானம் முதலான இலக்கங்களை எடுத்தனர். பார்த்தபோது ஆறு என்னும் இலக்கம் சற்று மிகுந்திருந்தது. சில ஆறுகளை நீக்கி வேறு இலக்கங்களை இட்டனர். மனிதக் கையை விலக்கவென்று செய்த நூலிலே, கடைசியில் மனிதக் கை நுழைந்தது! பிஷரை மதிப்போரும் இவ்விடத்தில் சற்றே புன்னகைக்கலாம். அடுத்த ஆண்டு கெண்டலும் பபிங்ரன் சிமித்தும், சுழலும் வட்டத் தட்டொன்றைக் கணப்பொழுது மின்னொளியில் வாசித்து ஓர் இலட்சம் இலக்கங்களை வெளியிட்டனர். பொறி செம்மையாகவே சுழன்றது. ஆனால் வாசித்தவர்களுள் ஒருவரின் எண்கள் கோடியிருந்தன. பொறி காட்டியதை அவர் கண் தன் விருப்பப்படி திருத்தியிருந்தது.

பயிற்சியால் மனிதர் தேறலாமா? அமெரிக்க உளவியலாளர் நியூரிங்கர் 1986இல் இதைச் சோதித்தார். இரண்டு இலக்கங்களை எழுமாறாகத் தட்டும்படி மாணவரிடம் கூறி, ஒவ்வொரு தொகுதியின் முடிவிலும் எங்கே ஒழுங்கு புகுந்துவிட்டது என்பதைப் பல அளவைகளால் காட்டினார். நெடும் பயிற்சிக்குப் பின்னர், அவ்வளவைகளைக் கொண்டு பார்த்தால், அவர்கள் தட்டியவை எழுமாற்று வரிசையிலிருந்து வேறுபடவில்லை. ஆகவே இயலாமை பிறவிக் குறையன்று. கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு கலைதான். ஆனால் ஆயிரக்கணக்கான முயற்சியும், இடைவிடாது பிழை காட்டும் பொறியும் அதற்குத் தேவைப்பட்டன. மலையில் நிற்கும் உத்தியோகத்தருக்கு அவ்வளவு ஓய்வு இல்லை. அவரிடம் செம்பு இருக்கிறது.

அவருக்கு நேரும் சோதனை வேறு. நான்கு உரங்களை ஒப்பிட, சரிவின் குறுக்கே ஒரே வரிசையாக ஆறு தொகுதிகள் அளந்து குறிக்கப்பட்டுள்ளன என்று கொள்வோம். ஒவ்வொரு தொகுதியிலும் நான்கு துண்டுகள். நான்கு உரங்களும் அதனுள் ஒவ்வொரு முறை. ஒழுங்கைச் சீட்டுத் தீர்மானிக்கிறது. முதல் தொகுதியின் கடைசித் துண்டுக்கு விழுந்த அதே உரம், இரண்டாம் தொகுதியின் முதல் துண்டுக்கும் விழுகிறது. ஒரே உரம் பக்கத்துப் பக்கத்தில்! பார்ப்பதற்கு நன்றாக இல்லை. மேலதிகாரி வந்து கேட்டால் என்ன சொல்வது என்று மனம் அலைகிறது. இன்னொரு முறை குலுக்கிவிடலாமே என்று கை துடிக்கிறது. ஆறு தொகுதிகளுக்கு இடையே ஐந்து எல்லைகள். ஒவ்வோர் எல்லையிலும் ஒரே உரம் சந்திக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஐந்தில் ஓர் எல்லையிலாவது அப்படிச் சந்திக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 76. நான்கு மலைகளில் சோதனை நடந்தால், அவற்றுள் மூன்றிலே இந்த அழகற்ற காட்சி இருப்பதே இயல்பு. ஈடனின் ஆயிரம் குலுக்கல்கள் காத்து நிற்பது, முதற் சீட்டை மாற்றாமல் விட்ட அந்த உத்தியோகத்தரின் குறிப்பேட்டைத்தான்.

ஈடன் பின்னர் கிழக்காபிரிக்காவின் தேயிலை ஆராய்ச்சிக்குச் சென்றார். ‘தேயிலை’ என்னும் பெயரில் அவர் எழுதிய நூல் 1958இல் இலண்டனில் வெளிவந்தது. சென் கூம்ஸ் மலைகளில் சோதனைத் துண்டுகளின் இலக்கப் பலகைகள் இன்றும் நிரைகளுக்கிடையே நிற்கின்றன. அவ்வழியே கொழுந்துக் கூடையோடு போகும் பெண், அன்று மாலை லயன் வாசலில் சீட்டுக் குலுக்கும்போது, அடுத்த வீட்டுக் குழந்தையைத்தான் கூப்பிடுவாள்.